சுகந்தி அக்கா சொன்ன டிராமா

முதலில் கண்ணில் பட்டது அந்த ஷூதான். வாசலில் செருப்புக் குவியலுக்கு நடுவே சின்னதாக ஒரு ஜோடி வெள்ளை கேன்வாஸ் ஷூ... ஒன்றில் லேஸ், இன்னொன்றில் லேஸுக்குப் பதில் சிவப்பு ரிப்பன்.

எங்கள் சுகந்தி அக்கா இறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. முப்பத்தாறு வயதுதான்.

நான் இங்கே எதுவும் எழுதுகிற ஆள் இல்லை. மற்றவர்கள் போடுவதற்கு லைக் போடுவதோடு சரி. ஆனால் இது எனக்குப் புரியவே இல்லை.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தேன். தைத்து வருகிற சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற வேலை. அக்கா பக்கத்து டேபிள்.

அவருக்கு டைவர்ஸ் ஆனது எல்லோருக்கும் தெரியும். பெருங்களத்தூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தோம். கழுத்துச் செயினை எப்போதும் கம்பெனி கோட்டுக்குள் விட்டிருப்பார். நான் கேட்டதில்லை. யாரிடமும் எதுவும் கேட்க எனக்கு வராது.

கம்பெனிக்குள் போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் போனில் வருகிற குட்டி டிராமாக்களை அக்கா வீட்டில் பார்த்துவிட்டு வந்து சாப்பாட்டு நேரத்தில் வாயாலேயே சொல்வார். ஒரு நாளைக்கு ஒரு எபிசோட்.

"டைவர்ஸ் ஆனவளுக்கு இதுலல்லாம் கோடீஸ்வரன்தாண்டி கெடைக்கிறான். இப்ப ஒண்ணு பாக்கறேன், அதுல ஹீரோ லேத்துப் பட்டறைல வேலை செய்றான்."

"லேத்து ஹீரோவா? அத யாருக்கா பாப்பாங்க?"

"நான் பாக்கறேன்ல!"

கதாநாயகி பெயர் மாயா. இரண்டாவது கல்யாணம் ஆன மறுநாள் காலையில் மாமனாரே அவளுக்கு டீ போட்டுத் தருவார். ஒரே சர்க்கரை. வீட்டில் எல்லோரும் ஒரு குறையும் சொல்லாமல் குடிப்பார்கள். மாயா பாத்ரூமுக்குப் போய் அழுவாள்... அதுவரை அவளுக்கு யாரும் டீ போட்டுக் கொடுத்ததில்லையாம்.

ஹீரோவுக்கு முதல் மனைவி மூலம் ஒரு பெண் குழந்தை. ஒருநாள் ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடிக்கிறது, ஷூ லேஸைக் காணோம். மாயா அவசரத்தில் ரிப்பனை வெட்டிக் கோத்து அனுப்புகிறாள். குழந்தை அழுதுகொண்டே போகிறது. சாயங்காலம் மாயா புது லேஸ் வாங்கி வந்தால், "வேணாம், இதுவே இருக்கட்டும்" என்கிறது.

"ஆனா இன்னும் ஆன்ட்டின்னுதான் கூப்பிடுது" என்பார் அக்கா.

அந்த டிராமாவை நானும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கேட்டதற்கு, "அது வேற ஆப்புடி, உன் போன்ல வராது" என்றார்.

மாயா வேலை செய்கிற இடத்தில் இதையெல்லாம் யாரிடமும் சொல்லமாட்டாள். ஏன் என்று கேட்டேன். "கண்ணு பட்டுரும்னு பயமா இருக்கும்டி."

கடைசியாக வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் அந்தக் குழந்தை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டது. எனக்குச் சலித்துவிட்டது.

"போங்கக்கா. அது கடைசி வரைக்கும் அம்மான்னு கூப்பிடாது. நெஜத்துலல்லாம் அப்டி நடக்காது."

அக்கா டிபன் பாக்ஸை மூடினார். "அப்டியாடி?"

அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கம்பெனி வேனில் போனோம். பெருங்களத்தூரில் வேன் நிற்கவில்லை. நேராகப் படப்பைக்குப் போனது. அங்கேதான் அந்த ஷூ.

உள்ளே ஐஸ் பெட்டி பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நகத்துக்குள் எல்லாம் கறுப்பு மசகு. ஒரு பெரியவர் எங்கள் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். "இன்னாடி, பாயசம் மாரி கீது" என்று எங்கள் கம்பெனி ரேவதி அக்கா என் காதில் சொன்னார்.

நான் ஒரு குறையும் சொல்லாமல் குடித்தேன்.

ஏன் அக்கா? என்னிடம் சொல்லியிருந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்... எனக்குத்தான் பேசவே வராதே. இல்லை, நீங்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தீர்களா?

கிளம்பும்போது அந்தப் பாப்பா வாசலுக்கு வந்தாள். எட்டு ஒன்பது வயது இருக்கும். பக்கத்து வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நீங்கதான் ஜெனி அக்காவா? பேசவே மாட்டீங்களாமே. அம்மா சொல்வாங்க."

அம்மா.

எப்போதிலிருந்து? சனிக்கிழமை கூப்பிட்டிருப்பாளா? அக்கா காதில் அது விழுந்ததா... இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதானா? ஒரே ஒரு கேள்வி. கேட்க எனக்கு வரவில்லை.

போயிட்டு வாங்க சுகந்தி அக்கா. டிராமா நல்லா இருந்துச்சு.

பாப்பா ஷூவுக்குள் காலை விட்டாள். ரிப்பன் அவிழ்ந்து கிடந்தது. நான் குனிந்து கட்டிவிட்டேன்.