பர்மா மனைவிக்கு அடித்த மனுக்கள்

அரசாங்கத்துக்குப் புரிகிற மாதிரி மனிதர்களை எழுதிக் கொடுப்பது என் தொழில். காரைக்குடி போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே டைப்ரைட்டர் வைத்திருந்தேன். ஒரு கையெழுத்துக்காக மூன்று முறை ‘நாளைக்கு வா’ கேட்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

அறுபதுகளில் ரங்கூனிலிருந்து விரட்டப்பட்டுக் கப்பலேறி வந்தவர்களில் கோட்டையூர் சுப்பையாவும் ஒருவர். மரக்கடையில் வேலை பார்த்தவர். அவர் மனைவி மா சீன் பர்மாக்காரர். இந்தியக் குடியுரிமை கிடைக்கும்வரை அந்த அம்மாள் வருஷா வருஷம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். மறுத்தால் கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுப் போக வேண்டியதுதான்.

கல்யாணத்துக்கு ருசு

குடியுரிமை மனுவோடு திருமணச் சான்று கேட்டார் அதிகாரி. நாலு பெரியவர்கள் முன்னால் ரங்கூனில் நடந்த கல்யாணம்; தாள் எதுவும் கிடையாது. “வருஷமாச்சும் சொல்லுங்க” என்றார். சுப்பையா சொன்னது மூத்த பிள்ளை பிறந்த வருஷம்.

மா சீன் எழுந்தார். கல்யாண வருஷத்தை மறந்ததில் தொடங்கி, கப்பலில் குடையை விட்டுவிட்டு இறங்கியது, முந்தாநாள் குழம்பைக் குறை சொன்னது வரை கோட்டையூர்த் தமிழில் பொரிந்து தள்ளினார். சுப்பையா தலை நிமிரவில்லை. அதிகாரி பேனாவை எடுத்தார்.

“போதும்மா. கல்யாணம் ஆனவுகதான்னு நானே எழுதிக்கிறேன்.”

பள்ளத்தூர்ப் பயணம்

அந்நியர் வேற்றூரில் தங்கினால் போலீசுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். பள்ளத்தூரில் நாத்தனாருக்கு வலி எடுத்துவிட்டதென்று மா சீன் பஸ் ஏறிவிட்டார். பத்து நாள் கழித்துத் திரும்பினால் விளக்கம் கேட்டு நோட்டீஸ். அனுமதி ரத்தாகலாம் என்று கடைசி வரி. அதைப் படித்துக் காட்டியதும் என் மேசைமேல் தலை வைத்து அழுதார்.

‘பயண நோக்கம்: பிரசவ மருந்து இடித்தல்’ என்று அடித்துக் கொடுத்தேன். ஏட்டையா இரண்டு முறை படித்துவிட்டு நோட்டீசை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“வலி வரப்போகுதுன்னு முன்கூட்டியே தகவல் குடுக்கலைன்னு நான் எப்படிய்யா மேல எழுதுறது?”

யார் அந்நியர்?

அடுத்த கேள்வி, கணவர் இந்தியர்தானா என்பது. சுப்பையா பன்னிரண்டு வயதில் ரங்கூன் போனவர். இந்தியர் என்று சொல்லித்தான் பர்மாவில் விரட்டினார்கள். நம் ஆபீஸ் அதை நம்பத் தயாரில்லை. கப்பலேறக் கொடுத்த தாள் கரை இறங்கியதோடு காலாவதி. அவர் சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடத்தின் பதிவேட்டைத் தேடி ஒன்றரை வருஷம் அலைந்தோம். கறையான் தின்றது போக அவர் பெயர் மிஞ்சியிருந்தது. மா சீன் பெருமூச்சு விட்டார்.

“நான் பர்மாக்காரின்னு எல்லாரும் ஒத்துக்கிறாக. பாவம், இவுகளைத்தான் ஒரு நாடும் ஒத்துக்க மாட்டேங்குது.”

உறுதிமொழி

எழுபதுகளில் ஒருவழியாக உத்தரவு வந்தது. இங்கிலீஷ் உறுதிமொழியை நான் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்க, மா சீன் அதிகாரி முன்னால் பிசகாமல் படித்தார். சுப்பையா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சந்தோஷமாம்மா?” என்று அதிகாரி கேட்டார்.

“நேத்து வரைக்கும் இவுகளுக்குக் கோவம் வந்தா ‘ஒன் நாட்டுக்கே போ’ம்பாக. இனிமே எங்குட்டுப் போகச் சொல்லுவாகன்னு இவுகளையே கேளுங்க சார்.”

ஊர்க்காரியாக அந்த அம்மாளுக்கு ஒரு மாசம் போதுமாயிருந்தது. நாட்டுக்காரியாகத்தான் பதினோரு வருஷமும் என் டைப்ரைட்டர் ரிப்பன்கள் அத்தனையும் தேவைப்பட்டன.