அழ வந்த அண்ணாச்சி

என் அக்காள் தெரசாவின் புருஷன் ஞானப்பிரகாசம் பெரிய வெள்ளியன்று ஊருக்கு வருவதில்லை. மற்ற நாளெல்லாம் பூசை, ஜெபமாலை என்று இருக்கிற மனுஷன், அன்றைக்கு மட்டும் திருநெல்வேலி டவுணில் வாடகை வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடப்பார். ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் கூடவே இருந்து பார்த்தவன், நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் புன்னக்காயலுக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரை. பேர் வேண்டாம், இன்னும் அங்கேதான் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம். அத்தானுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளத்தில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும். மீன்பிடிக்கிற குடும்பத்தில் இதைவிடக் கேவலம் வேண்டுமா? கேலி தாங்காமல் இளவயதிலேயே டவுணுக்குப் போய், ரதவீதியில் அருணாசலம் பிள்ளையின் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்க நின்றார். அங்கே அவர் ஒருத்தர்தான் வேதக்காரர், கிறிஸ்தவர். அதட்டிப் பேச மாட்டார். சாயம் போகிற துணியைப் போகும் என்றே சொல்லிவிடுவார். "வேதக்காரங்கன்னா இப்படித்தான் இருப்பாக போல" என்று வாடிக்கைக்காரர்கள் சொன்னால் அத்தானுக்குக் கொஞ்சம் பெருமைதான். எங்களையெல்லாம் அவர்களுக்குத் தெரியாது, அதனால் சொன்னார்கள்.

தொண்ணூற்றைந்தில் பிள்ளையின் ஒரே மகன் பாலசுப்பிரமணியன் லாரியில் அடிபட்டுச் செத்தான். பிள்ளை அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கடையைத் திறந்துவிட்டார். சொந்தக்காரர்கள் கல்நெஞ்சன் என்று பேசினார்கள். ஆனால் தூக்கம் போய், மனுஷர் பாதியாக இளைத்திருந்தார். கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து ஒருநாள் அத்தானிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

"நெஞ்சுல என்னமோ அடைச்சிக்கிட்டே நிக்கு வே, ஞானம். அழுதாச் சரியாப் போவும்னு டாக்டர் சொல்லுதாரு. எனக்கு வர மாட்டேங்கு."

அத்தான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பெரிய வெள்ளிக்கு எங்க ஊருக்கு வாங்க அண்ணாச்சி. அன்னைக்கு ஊரே எழவு வீடுதான். ஏன் அழுதீகன்னு உங்கள யாரும் கேக்க மாட்டாங்க."

அதில் பொய்யில்லை. அன்று கோயில் மணி அடிக்காது. மரித்த ஆண்டவரின் சொரூபத்தைத் தூம்பா என்கிற பாடையில் கிடத்தித் தெருத்தெருவாகத் தூக்கிப் போவோம். பின்னாலேயே வியாகுல மாதாவை, மகனைப் பறிகொடுத்த அந்தத் தாயைத் தூக்கி வருவார்கள். தூம்பா தோளில் இருக்கும்வரை தூக்குகிறவன் வாய் திறக்கக் கூடாது. வலப்பக்க முன்கம்பு அத்தான் குடும்பத்துப் பாத்தியதை. கடலுக்குப் போகாதவருக்கு ஊரில் மிஞ்சியிருந்த ஒரே மரியாதை அதுதான்.

ஒன்றை மட்டும் அத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விசைப்படகுக்காரர்களுக்கும் எங்களைப் போன்ற வள்ளக்காரர்களுக்கும் அந்த வருஷம் முகத்தில் முழிக்க ஆகாது. கடலில் வலையை அறுத்தார்கள், கரையில் மண்டையை உடைத்தார்கள். ஆண்டவர் செத்த அன்றைக்காவது அடங்கி இருப்பார்கள் என்று அத்தான் நம்பினார். பாவம், டவுணில் இருந்தே பழகிவிட்டார்.

பிள்ளை வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மாதாவின் பின்னால் சுடுமணலில் நடந்தார். துணைக்கு நான். பெண்கள் ஒப்பாரி தொடங்கினார்கள். அவர் மாதாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உதடு கோணியது. வந்துவிட்டது, அழப்போகிறார் என்று நினைத்தேன். மாதாவே, அழட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போது முன்னால் சத்தம் கேட்டது. தெருமுனையில் விசைப்படகுக்காரன் ஒருவன் அத்தானை இடித்துத் தள்ளிவிட்டு முன்கம்பைப் பிடித்தான்.

"கடலக் கண்டா கக்குத பயலுக்கு முன்கம்பு ஒரு கேடா? போலே, போயி துணி கிழி!"

கடையில் ஒருநாளும் குரல் உயர்த்தாத அத்தான், கம்பை விட்டுவிட்டு, அவன் தாயை இழுத்து வைது, வாயிலேயே குத்தினார். அது போதுமே! இரண்டு பக்கத்தாரும் பாய்ந்தார்கள். தூம்பா சாய்ந்து மணலில் விழுந்தது. ஒப்பாரி பாடிய வாய்களே அசிங்கமாக வைதன. காவலுக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர், "சாமியையாவது ஓரமா வச்சிட்டு அடிச்சிக்கோங்கய்யா" என்று கத்தினார். எனக்கு வெட்கத்தில் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவே தைரியம் வரவில்லை.

இருட்டுவதற்குள் அவரை பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டி வந்தோம். அத்தானின் சட்டை கிழிந்து, உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. உங்களக் கூட்டியாந்து இப்படி ஆக்கிட்டேன்."

பிள்ளை கோபப்படவில்லை. கோபப்பட்டு ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் அத்தான் பிழைத்திருப்பார். ரோட்டைப் பார்த்தபடி பைய கேட்டார்.

"பெத்தவ பொறத்தாலயே வாராளே வே. அவ கண்ணு முன்னாலயா புள்ளையக் கீழ போடுவிய?"

பஸ் வந்தது. பிள்ளை ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்களைப் பார்த்து மரியாதைக்குத் தலையை அசைத்தார். அழுவதற்காக அத்தனை தூரம் வந்த மனுஷரின் கண் காய்ந்தே கிடந்தது.