வாசிக்கிறவருக்குச் சீட்டு கிடையாது

போன வெள்ளிக்கிழமை அபுதாபியில் நம்மூர்க் குடும்பங்களின் சந்திப்பு. பிரியாணி முடிந்ததும் வழக்கம்போல ஹவுஸி — வாசிக்கிற நம்பரைச் சீட்டில் அடிக்கும் ஆட்டம். நம்பர் வாசிக்கிறவரும் வழக்கமானவர்தான் — திருச்சிக்காரர், வெண்கலக் குரல். முதல் ஆட்டம் முடிந்ததோ இல்லையோ, என் மனைவி ரேவதி விறுவிறுவென்று போய் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, நான் வாசிக்கிறேன். நீங்க ஒரு ஆட்டமாவது ஆடுங்க!"

மனுஷன் திருதிருவென்று முழித்தார். எனக்குத் தெரியும்... இது யூகோ விவகாரம்.

யூகோ எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருந்த ஜப்பான்காரப் பெண். கணவருக்குத் தொலைவில், ருவைஸில் ப்ராஜெக்ட். வாரக் கடைசியில் வருவார், வந்ததும் தூங்குவார். பேச்சுத்துணைக்கு யூகோ எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார், கையில் ஒரு சீட்டுப் பெட்டியோடு. 'கருதா' என்று பெயர். ஒருவர் பழமொழியை வாசிப்பார். தரையில் பரப்பிய படச்சீட்டுகளில் அதற்குரியதை மற்றவர்கள் லபக்கென்று எடுக்க வேண்டும். ஜப்பான் பாஷை தெரியாமல் எப்படி என்கிறீர்களா? நாலைந்து முறை காதில் விழுந்தால் நாய்ப்படம் எது, பூதப்படம் எது என்று பிடிபட்டுவிடும். என் மகள் தரையை அறைந்த அறையில் கீழ் வீட்டுக்காரர் புகாரோடு மேலே வந்தார்!

வாசிக்கிறவருக்கு அங்கே 'யோமிதே' என்று பெயர். பெரிய போட்டி என்றால் 'தொகுஷு'. "தக்காளித் தொக்கா?" என்றாள் ரேவதி.

எங்கள் வீட்டில் எப்போதும் யூகோதான் யோமிதே. வேறு யாருக்கு அந்த எழுத்து தெரியும்? ஒருநாள் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "ஸ்கூல்ல நான்தான் ஃபாஸ்ட், ரேவதி-சான். இங்கே வந்து ஒரு சீட்டு எடுக்கலை. யோமிதே... நோ கார்ட்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்களுக்குச் சுருக்கென்றது.

ரேவதி விடுவாளா? "ஒரு வெள்ளிக்கிழமை நான் வாசிக்கிறேன், அவ ஆடட்டும்" என்று, யூகோவிடமே கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் தமிழில் எழுதிக்கொண்டாள். அங்கே வந்தது வினை. நமக்கு ஒரே 'ப' தானே! நாய்கூட நடமாடினால் கம்பில் இடிபடும் என்று ஒரு பழமொழி. "இனு மோ அருகேபா, போ நி அதாரு." அந்தப் 'போ'வை, 'பஸ்'ஸில் வரும் 'ப' மாதிரி அழுத்த வேண்டும். இவள் வாயில் அது வீட்டுக்கு வந்தவரை விரட்டுகிற 'போ'வாக வந்தது.

"தப்பாப் படிச்சா அவ சிரிப்பா. சுத்தமா வரட்டும். அடுத்த வெள்ளி பாத்துக்கலாம்."

அடுத்த வெள்ளியும் அதே பேச்சு. அதற்கடுத்த வெள்ளியும். சப்பாத்தி தேய்க்கும்போதும் "போ", துணி மடிக்கும்போதும் "போ". ஒருவழியாக ஒரு புதன்கிழமை சுத்தமாக வந்துவிட்டது. ரேவதிக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று சாயங்காலமே யூகோ கதவைத் தட்டினார். ப்ராஜெக்ட் 'கலாஸ்', முடிந்துவிட்டது. மறுநாள் ஃப்ளைட். சீட்டுப் பெட்டியை ரேவதி கையில் வைத்து, "நீங்க ஆடுங்க" என்றார்.

ஒரே ஒரு சீட்டையாவது வாசித்துவிட இவள் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. நிற்க நேரமில்லாமல் யூகோ போய்விட்டார். பெட்டி இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும்.

போன வெள்ளிக்கு வருகிறேன். ரேவதி பதற்றத்தில் அறுபத்தாறை ஐம்பத்தாறு என்று வாசித்தாள். ஹாலே சிரித்தது. திருச்சிக்காரர் தன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

இவ்வளவுதானா சிரிப்பு? இதற்குப் பயந்தா ஒரு சீட்டுகூட எடுக்கவிடாமல் யூகோவை அனுப்பிவைத்தோம்?