உப்புக் குடோனில் வைத்த கூரை

அந்த இரண்டு சீட்டு கார் ஆம்பூர் தெருவில் வந்தால், உள்ளே யார் என்பதைக் கூரையைப் பார்த்தே சனங்கள் சொல்லிவிடுவார்கள். கித்தான் கூரை பின்னால் மடிந்து கிடந்தால், தோல் பதனிடும் டேனரியின் முதலாளி தனியாகப் போகிறார். கூரை மேலே ஏறி, இரண்டு பக்கமும் துணித் தடுப்பு மாட்டியிருந்தால் கூட அவர் மனைவி இருக்கிறார். அந்தத் தடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மைக்கா ஜன்னல் இருந்தது. பழுப்பேறியது. வெளியிலிருந்து பார்த்தால் வெயில் மட்டும்தான் தெரியும். உள்ளிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும்.

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து, கல்யாணமான புதிதில் முதலாளி வாங்கிய வண்டி அது. அதில் ஏலகிரிக்குப் போவார்கள். கூரைக்குள் உட்கார்ந்த பிறகு அந்த அம்மா முகத்திரையைத் தூக்கிக்கொள்வாராம். மலை ஏறுகிற வரைக்கும் அந்த மைக்கா ஜன்னலில் கண்ணை வைத்தபடியே வருவாராம். முதலாளியே ஒருநாள் என்னிடம் சொன்னார். அவர் சொந்த விஷயம் பேசிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி ஒர்க்‌ஷாப்பில் கை பழகி, எழுபதுகளின் கடைசியில் சின்னதாக ஒரு ஷெட் போட்டிருந்தேன். பயந்த சுபாவம் எனக்கு. நட்டை முறுக்கிவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. திரும்பி வந்து இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். "இவன் கிட்ட விட்ட லாரி பத்திரம், ஆனா நேரத்துக்கு வராது" என்று டிரைவர்கள் சொல்வார்கள். உண்மைதான்.

முதலாளியின் மகனுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அவரை பாய் என்பேன். அவர் என்னை தோஸ்த் என்பார். மெட்ராஸில் கார் பந்தயம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. அங்கே ஒரு க்ளப் ரேலி நடத்தப் போகிறது, முழுக்கத் தார் ரோடு, ஆலங்காயம் காட்டு வழியும் ஏலகிரி வளைவுகளும் அதில் வருகின்றன என்று சொன்னபோது மனுஷன் நிற்கவே இல்லை, ஷெட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார்.

"அப்பாவோட வண்டி சும்மாதானே நிக்குது, தோஸ்த். அதை ரேலி வண்டியா மாத்திடலாம்."

"மாத்தலாம் பாய். பிரேக் போய்ட்டா?"

"இன்னும் வண்டியையே தொடல. அதுக்குள்ள பிரேக் போய்ட்டுதா?"

முதலாளி சீக்கிரமே சரி என்றுவிட்டார். மகன் அடுத்த வருடம் டேனரி பொறுப்பை ஏற்க வேண்டியவர். அதற்குமுன் ஒரு தடவை ஆசை தீர ஓட்டட்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். வீட்டு நடையில் தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, குரல்தான் தெரியும்.

"கூரையையும் கழட்டணுமாமே தம்பி?"

"ஆமாம்மா. உள்ள இரும்புக் குழாயில கூண்டு கட்டணும். வண்டி கவுந்தாலும் தலைக்கு ஒண்ணும் ஆகாது."

"கவுறுமா?"

"இல்லம்மா, கவுறாது. கவுந்தா."

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு குரல் மாறியது. "ஓட்டி முடிச்சப்புறம் எனக்குப் பழைய மாதிரி வேணும். அந்தக் கூரை, அந்த ஜன்னல், அந்த சீட்டு. கழட்டுற கை உன்னுது. மாட்டுற கையும் உன்னுதா இருக்கணும். பெரியவருக்கு முழங்கால் வலி ஜாஸ்தியாகுது. கிளட்ச் மிதிக்கக் கால் இருக்கறப்பவே இன்னொரு தடவை மலைக்குப் போய்ட்டு வந்துடணும்."

சரிம்மா என்றேன். கழற்றிய திருகாணிகளைத் தனித்தனித் துணியில் முடிந்து வைக்க வேண்டும் என்று அங்கே நிற்கும்போதே மனதுக்குள் ஓட ஆரம்பித்தது.

ரேலி வண்டிக்கு முதல் வேலை அதை இளைக்க வைப்பது. வண்டியை டேனரி முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கழற்றினோம். முன் பம்பர், பின் பம்பர், கம்பளம், சீட்டு, கூரைச் சட்டம். டேஷ்போர்டுக்குக் கீழே ஹீட்டர் ஒன்று இருந்தது. முதலாளி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆம்பூருக்கு ஹீட்டரு! பாவம், செஞ்சவனுக்கு நம்ம ஊரு வெயில் தெரியல."

எவ்வளவு எடை குறைகிறது என்று தெரிய வேண்டுமே. டேனரியில் எதையும் எடை போடாமல் நகர்த்த மாட்டார்கள். பச்சைத்தோல் குடோனில்தான் பெரிய தராசு இருந்தது. கழற்றிய ஒவ்வொன்றையும் அங்கே தூக்கிப்போய் மேடையில் வைத்தோம். எடை போடுகிறவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது மாட்டுல சேருமா, எருமைல சேருமா பாய்?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மகன், "சீமைப் பசு, ஜாக்கிரதை" என்றார்.

எடை பார்த்ததை எல்லாம் எங்கே வைப்பது? என் ஷெட்டில் கதவுகூட இல்லை. வீட்டில் வைத்தால் பிள்ளைகள் ஏறி விளையாடும். முதலாளிதான் சொன்னார்: "இங்கயே வைங்க. பூட்டு இருக்கு. காவல் இருக்கு. நாப்பது வருஷமா பாக்குறேன், இந்த ரூம்ல எதுவும் கெடாது."

அது அவர் தொழிலில் நிஜம். உரித்த தோல் வெளியில் கிடந்தால் ஒரு பொழுதுக்குள் நாறிவிடும். உப்புப் போட்டு அந்தக் குடோனில் அடுக்கினால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். உப்பு என்றால் காப்பாற்றுவது. அங்கே பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் அது ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. அந்தக் கதவின் இரும்புக் கீல் வருடா வருடம் இற்றுப்போகும், ஆள் வந்து மாற்றிவிட்டுப் போவான். அதை நானும் பார்த்திருக்கிறேன். கீல் அதுபாட்டுக்குக் கீல், நம் சாமான் அதுபாட்டுக்குச் சாமான் என்றுதான் மனம் எடுத்துக்கொண்டது. தராசுக்குப் பின்னால் சுவரோரம் கோணி விரித்து, கூரைச் சட்டத்தைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல வைத்தேன். வண்டியைச் சக்கரத்தின் மேல் தாங்குகிற பழைய ஸ்பிரிங் பட்டைகளையும் கழற்றி அங்கேயே வைத்தேன்.

அப்புறம் எங்களுக்கு வேறு நினைப்பே இல்லை. பாய்லருக்கு வாங்கி மிச்சமிருந்த குழாயை வளைத்துக் கூண்டு கட்டினோம். கதவை மறித்து ஒரு குழாய் போனதால் காரில் ஏற வேண்டுமானால் தாண்டிக் குதிக்க வேண்டும். பழைய சீட்டு இருந்த இடத்தில் லேசான தகர சீட்டு இரண்டு வைத்தோம். பள்ளம் மேடு இல்லாத தார் ரோட்டில் வண்டி வளைவுக்கு வளைவு சாயக் கூடாது, அதனால் உயரத்தைக் குறைத்து, வேறு ஸ்பிரிங் பட்டைகளை விறைப்பாகப் போட்டேன். முன் பிரேக்குக்குக் காற்றுப் போக இரண்டு ரப்பர் குழாய் விட்டேன். தோளில் மாட்டும் வாரை ஷூ கம்பெனியில் தெரிந்த பையன் தைத்துக் கொடுத்தான். அதை மரத்தில் கட்டி இரண்டு பேர் தொங்கிப் பார்த்த பிறகுதான் வண்டியில் போட்டேன். பெட்ரோல் குழாய், சக்கர நட்டு, ஸ்டீயரிங் மூட்டு என்று எது நினைவுக்கு வந்தாலும் எழுந்துபோய் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

அந்த வருடம் மழை ஓயவில்லை. மலை ரோடு அங்கங்கே சரிந்து, ரேலியைப் பொங்கலுக்குப் பிறகு என்று தள்ளிவைத்தார்கள். எங்களுக்குக் கூடுதல் நாள் கிடைத்ததில் சந்தோஷம்தான். மழைக்காலத்தில் தோல் வரத்து ஜாஸ்தி. குடோனில் சுவர்வரை தோலை அடுக்கிவிட்டார்கள் என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. "நம்ம சாமானைக் கண்ணால பாக்கக்கூட முடியாது, அவ்ளோ பத்திரமா இருக்கு" என்றார் மகன்.

பக்கத்து சீட்டுக்கு யார் என்ற பேச்சு வந்தபோது அவர் யோசிக்கவே இல்லை. "நீதான் தோஸ்த். எந்த வளைவுல இன்னா ஆபத்துன்னு உனக்கு முன்னாடியே தெரியும். நீ பாட்டுக்குப் பயப்படு. ஆனா வாயைத் திறந்து பயப்படு."

முந்தின வாரமே ரோட்டைப் போய்ப் பார்த்து, வளைவுகளை மனப்பாடம் செய்திருந்தேன். ரேலி அன்று காலை பனி விலகிய உடனே கிளம்பினோம். ஆலங்காயம் காட்டில் வண்டி தாரைப் பிடித்துக்கொண்டு ஓடியது. "லெப்ட்டு, லெப்ட்டு, மணல் கிடக்கு, பாத்து! ரைட்டுல பள்ளம்! பாய், ஐயோ பாய்!" என்று கத்திக்கொண்டே வந்தேன். "ஐயோன்னா லெப்ட்டா ரைட்டா?" என்று அவரும் கத்தினார். ஏலகிரியில் ஒவ்வொரு வளைவிலும் வண்டி கொஞ்சமும் சாயாமல் திரும்பியது. என் கையால் போட்ட பட்டை அது. மேலே போய் நின்றபோது ரேடியேட்டர் கொதிக்கவில்லை, ஒரு நட்டு கழலவில்லை. பரிசு வரவில்லை. எங்களைவிடப் புது வண்டிகள் எத்தனையோ பின்னால் வந்தன. மகன் என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் குத்தினார். என் உடம்பில் பயமே இல்லாமல் இருந்த காலைப்பொழுது அது ஒன்றுதான். அதை வேண்டாம் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை.

மறுவாரம் கூண்டை அறுத்து எடுத்துவிட்டு, குடோனைத் திறக்கச் சொன்னேன். அடுக்கை விலக்க ஆட்களுக்கு வெகுநேரம் பிடித்தது. மழை ஈரத்தை உப்பு குடித்து, உப்புத் தண்ணீர் சுவரோரமாக இறங்கி நின்றிருக்கிறது. பம்பரின் பளபளப்பு செதில் செதிலாகக் கையோடு வந்தது. ஸ்பிரிங் பட்டைகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழி. கூரைச் சட்டத்தின் நடு மூட்டைத் தூக்கினேன், முறுக்குப்போல நொறுங்கியது. கித்தான் விறைத்து வெள்ளை பூத்திருந்தது. மைக்கா ஜன்னலின் தையல் விட்டு, அது தனியாகக் கீழே கிடந்தது.

முதலாளி சீட்டின் தோலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அடியில் ஸ்பிரிங் எல்லாம் துருப்பொடி. தோல் மட்டும் காய்ந்து கிடந்தாலும் கிழியவில்லை. "தோலு நிக்குது பாரு" என்றார். கோபித்திருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. மகன் வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு சாமான் எதுவும் வராது. மெட்ராஸ் பழைய இரும்புக் கடைகளில் தேடியும் அந்த வண்டிக்குக் கூரை கிடைக்கவில்லை. நானே செய்தேன். மெல்லிய குழாயில் சட்டம், மேலே கறுப்பு ரெக்சின், முன் கண்ணாடிச் சட்டத்தைப் பிடிக்க ராவி எடுத்த கொக்கி. அந்த மைக்காவையே துடைத்துப் புதுத் தடுப்பில் தைக்கச் சொன்னேன். சீட்டுக்கு லாரி ஸ்பிரிங் வைத்து, முதலாளி தேர்ந்து கொடுத்த சிவப்புத் தோலைப் போர்த்தினேன். பழைய பட்டைகள் உதவாததால் ரேலிக்குப் போட்ட விறைத்த பட்டைகளே வண்டியில் இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த பிறகு, முதலாளியும் அந்த அம்மாவும் ஏலகிரிக்குக் கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மலைப் பக்கம் திரும்புவோம் என்று முதலாளி முதலில் மாதனூர்ப் பக்கம் விட்டார். நான் டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் பின்னாலேயே போனேன். வழவழவென்ற ரோட்டிலும் வண்டி கட்டை வண்டிபோலத் தடதடத்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கூரை கொஞ்சம் எழும்பி உட்கார்ந்தது. ஹாரன் அடித்தேன். அவர்களுக்குக் கேட்கவில்லை.

மாதனூர் தாண்டும்போது எதிரே ஷூ கம்பெனி பஸ் வேகமாகக் கடந்தது. அந்தக் காற்றில் முன் கொக்கி விட்டு, கூரை மொத்தமாகப் பின்னால் எகிறி வயலில் விழுந்தது. அந்த அம்மா முகத்திரையைத் தூக்கித்தான் வைத்திருந்தார். பின்னாலேயே இன்னொரு கம்பெனி பஸ். ஜன்னல் முழுக்கத் தலைகள். ஒரு கை அவசரமாக மேலே போய்த் திரையை இழுத்து விடுவது வரைக்கும் தெரிந்தது. அதற்குமேல் பார்க்காமல் வயல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கூரையை எடுத்து வந்து, "கம்பி வச்சுக் கட்டிடறேன், மலைக்குப் போய்ட்டு வந்துடலாம்" என்றேன். முதலாளி பக்கத்து சீட்டைப் பார்த்தார். அந்த அம்மா தலை குனிந்து, "வீட்டுக்குப் போலாம்" என்றார்.

சாயந்திரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"ரேலி அன்னிக்கு நீயும் மலைக்குப் போனியே தம்பி. நான் உக்கார்ற பக்கத்து சீட்டுல உக்காந்துதானே போன? மலை எப்படி இருந்துச்சு?"

"பாக்கலம்மா. வளைவு சொல்லணுமே. ரோட்டைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."



"நானும் இன்னிக்குத் திரும்பி வர்ற வரைக்கும் ரோட்டைத்தான் பாத்தேன்" என்றார். பிறகு, டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.