குறை சொல்லாதவர்களின் வரிசை

எண்பதுகளின் நடுப்பகுதியில், கோப்பெங்கை அடுத்த எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தை அதன் முதலாளிகள் விற்க விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அதற்கு வெகு முன்பே ஜெலாப்பாங் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டவன். வாழ்நாளெல்லாம் பால்மரம் வெட்டிய என் அக்காள், கணவரை இழந்த பின்னும் தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்திலேயே தனித்திருந்தார். தமக்கென்று ஒரு கூரை இருக்கும்வரை பிறர் வீட்டுக்கு வருவதற்கில்லை என்பது அவர் உறுதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பகலுக்குப் பின் அவர் தண்ணீரே அருந்துவதில்லை என்பதைக் கவனித்தேன். வற்புறுத்திக் கேட்டபின் காரணத்தைச் சொன்னார். லயத்துக்குப் பின்னால் சரிவில் இருந்த பொதுக் கழிப்பிடத்தில் குந்தினால், அவரால் எழ முடிவதில்லை. ஒருமுறை சுவரைப் பற்றியபடி வெகுநேரம் கிடந்திருக்கிறார். குரல் கொடுக்க வெட்கம்.

"சாகுறதப் பத்தி இல்ல தம்பி. அங்க கெடந்து சாகக் கூடாது," என்றார்.

அந்தத் துயரத்தைச் சொல்வதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டதாகச் சில நாட்களிலேயே நான் நம்பினேன். எங்கள் தொழிற்சாலை மருந்தகத்துக்கு வந்துபோகும் சீன டாக்டரம்மாள், முதியோரின் உடல் தளர்ச்சியைப் பற்றி ஆராய்ச்சி தொடங்கவிருந்தார். எதை ஆராய்வது என்பதை மருத்துவர்களே தீர்மானித்துவிடாமல், தளர்ந்தவர்களைக் கேட்டு, அவர்கள் முதலில் வைப்பதையே முதலாவதாக எடுத்துக்கொள்வது அவர் நோக்கம். எங்கள் தோட்டத்துக்கும் வர இசைந்தார். நான் மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. உடம்புக்கு என்ன என்று கேட்கும் மருத்துவர்களை அறிவேன். "நாங்கள் எதைத் தேட வேண்டும்?" என்று கேட்ட மருத்துவரை அதற்கு முன் கண்டதில்லை. அக்காளிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

முன்பு வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் சென்ற, இப்போது மூடிக்கிடந்த ஆயாக்கொட்டகையில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. ஒருவரும் அமரவில்லை. கைத்தடிகளை வெளியே வேலியோரம் சாய்த்துவிட்டு, துவைத்த உடுப்பணிந்து வரிசையாக நின்றார்கள். விடியுமுன் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் ஆயுள் முழுவதும் நின்ற அதே வரிசை. உடம்பு முடியவில்லை என்று பெரட்டில் சொன்னவருக்கு அன்றைய வேலை இல்லை. அடிக்கடி சொன்னவருக்கு வீடும் இல்லை. வேலைக்கு ஆகாதவர்களைக் கழித்துவிடத் தோட்டத்தை வாங்கவிருப்பவன் ஆள் அனுப்புகிறான் என்று லயத்தில் பேச்சுப் பரவியிருந்ததை நான் அங்கேதான் அறிந்தேன்.

"நெஞ்ச நிமித்துங்க அக்கா, பொண்ணு பாக்க வந்திருக்காங்க லா," என்று பக்கத்தில் நின்ற, ஒருகாலத்தில் வேலையை மேற்பார்த்த முன்னாள் மண்டோர் கிசுகிசுத்தார். அவருடைய கைத்தடியும் வேலியோரம்தான் சாய்ந்திருந்தது.

இது வீட்டைப் பற்றிய விசாரணை அன்று என்று டாக்டரம்மாள் சொல்லச் சொல்ல மொழிபெயர்த்தேன். அப்படித்தான் சொல்வார்கள் என்பது போல் அனைவரும் பணிவாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தமக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். அக்காளின் முறை வந்தது. அவரும் குறையில்லை என்றுவிடுவார் என்று தோன்றியது. ஆதலால் நானே கழிப்பிடத்தைப் பற்றி மலாயில் சொன்னேன். டாக்டரம்மாள் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டு, உண்மைதானா என்று அக்காளைப் பரிவோடு கேட்டார்.

அக்காள் என்னைப் பார்க்காமல், தமக்குத் தெரிந்த கொஞ்ச மலாயில் நேராகவே பதிலளித்தார்.

"தாடா சாகிட், டாக்டர்."

நோவு எதுவும் இல்லை என்று பொருள். அத்துடன் நில்லாமல், எவரும் கேளாதபோதே எதிர்ச்சுவர் வரை கைவீசி நடந்து காட்டித் திரும்பினார். டாக்டரம்மாள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மேற்கொண்டு வற்புறுத்துவது முறையன்று என எண்ணினார் போலும். நன்றி கூறி எழுந்துபோய் வேனில் ஏறினார்.

"வேன் போயிருச்சா?" என்று கேட்ட பிறகே அக்காள் என் தோளில் முழுப் பாரத்தையும் சாய்த்தார். ஏன் மறுத்தீர்கள் என்றேன்.

"கேக்குறவங்க போயிருவாங்க தம்பி. நான் எங்க போறது?"

ஈப்போப் பட்டணத்து முதியோர் சொன்னவற்றைக் கொண்டே ஆராய்ச்சி நடந்ததாகப் பின்னர் கேள்விப்பட்டேன். அவர்கள் வீடுகளில் கழிப்பிடம் உள்ளேயே இருந்தது.

மழைக்காலத்தில் அக்காள் அந்தச் சரிவில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது, அதன்பின் நடக்கவே இல்லை. தோட்டத்தை வாங்கியவன் லயத்துப் பக்கம் வந்து எவரையும் பார்க்கவில்லை. எல்லா வீடுகளையும் காலி செய்யும்படி ஒரே அறிவிப்பு ஒட்டப்பட்டது. நிமிர்ந்து நிற்பவர், நிற்க இயலாதவர் என்று பிரித்தறிய அவனுக்குத் தேவை இருக்கவில்லை. அக்காளைப் பாயோடு தூக்கி லாரியில் ஏற்றினோம்.