ரூபியா பேரில் இருந்த ஏழு கன்டெய்னர்கள்

சங்கரன்கோவிலில் மாடி அறையில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவன் என் சிநேகிதன் இசக்கித்துரை. ஒன்றோடொன்று பிணைத்த நூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர்கள் எங்கோ ஓடுகின்றன. ஆராய்ச்சிக்காரர்கள் அதில் போட்டு வைக்கும் தகவலுக்கு இவன் காவல். தகவலைப் பிரித்து வைக்கும் பெட்டகத்துக்குக் கன்டெய்னர் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. அவர் வேலையை விட்டுப் போனால் உரிமையை இன்னொருவர் பேருக்கு மாற்ற வேண்டும். அரை நிமிஷ வேலை.

கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மேலநீலிதநல்லூரில் இவன் வீட்டுப் புஞ்சை இன்னும் செத்துப்போன தாத்தா பேரில்தான் இருக்கிறது. சித்தப்பாமார் உழுகிறார்கள், அறுக்கிறார்கள், பட்டா மாற்ற ஒருத்தருக்கும் நேரமில்லை. எங்கள் பக்கத்தில் இதெல்லாம் குற்றமே கிடையாது. அந்தப் புத்தி கம்ப்யூட்டர் வரைக்கும் போனதுதான் வினை.

கூட வேலை பார்த்த கடையநல்லூர் ரூபியா விலகும்போது, தன் பேரில் இருந்த ஏழு கன்டெய்னர்களையும் பட்டியலிட்டு, மாற்றிவிடச் சொல்லி இவனுக்கு மெயில் அனுப்பினாள். எல்லாரும் திறந்து வேலை பார்க்கிறார்கள், பேரில் என்ன இருக்கிறது என்று இவன் விட்டுவிட்டான். மூன்று மாதம் கழித்து, விலகினவர்களின் கணக்குகள் தானாகவே துடைக்கப்பட்டபோது அந்த ஏழும் சேர்ந்து போயின. ஒரு பேராசிரியர் நான்கு வருஷம் சேர்த்த மழை அளவுகள் அதில் இருந்தன. வேறு நகல் இல்லை.

யார் பொறுப்பு என்று மேனேஜர் இவனிடம் கேட்டார்.

"எல்லாம் ரூபியா பேர்லதான் இருந்துச்சு சார்."

பொய்யில்லை. அதுதான் அசிங்கம்.

ரூபியா சேரவிருந்த புதுக் கம்பெனி விசாரித்தபோது மேனேஜர் அதையே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை இல்லை என்று அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை இவனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, உங்கள தொந்தரவு பண்ணுதேன். எம் பழைய மெயிலெல்லாம் கம்பெனியோட போச்சு. நான் அனுப்புன லிஸ்ட் உங்ககிட்ட இருக்குமா? நீங்க யார்ட்டயோ மாத்தச் சொல்லி, அவங்க விட்டிருப்பாங்க போல."

மெயில் இவன் முன்னால் திறந்தே கிடந்தது.

"தேடிப் பாக்கேம்மா" என்றான்.

"அனுப்புனா எம் பேரு நாறிரும்னு பயந்துட்டேன் வே" என்று டீக்கடையில் என்னிடம் சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனைத் திட்டித் தீர்த்தேன். வெட்கத்தில் அவன் முகம் கழுத்து வரை சிவந்திருந்தது. கெடு முடிந்த மறுநாள், சனிக்கிழமைதான் அந்த மெயிலை அவளுக்கு அனுப்பியிருக்கிறான்.

அவள் எழுதிய பதிலை எனக்கு வாசித்துக் காட்டத் தொடங்கி, பாதியில் முடியாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டான். மீதியை நான்தான் வாசித்தேன்.

"வேலை வேற ஆளுக்குப் போயிட்டு அண்ணாச்சி. பரவாயில்ல. எனக்காக இத்தன நாளா தேடியிருக்கீங்க. இந்த உதவிய மறக்கமாட்டேன்."