பிலிம் செலவாகாத வெளிச்சம்

வதனியை நான் படம் எடுக்கவே இல்லை. எடுத்ததாக அவளை நம்ப வைத்தேன். பிறகு அவளுடைய தாயையும் நம்ப வைத்தேன். அந்தத் தாய் இன்றைக்கும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறாள்.

இதைச் சொல்ல ஏன் இத்தனை வருடம் என்று நீங்கள் கேட்பீர்கள். முதலில் பயமாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. இரண்டும் தேய்ந்துபோய் இப்போது வெறும் களைப்பு மிஞ்சியிருக்கிறது. களைத்துப்போனவனுக்குப் பொய்யைத் தூக்கிப் பிடிக்கத் தெம்பிருக்காது என்று நினைத்து எழுதத் தொடங்குகிறேன்... பார்ப்போம்.

நான் அரசாங்க எழுதுவினைஞன். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய ஊரொன்றில் மணம் முடித்து வந்தவன். எங்கள் பகுதி வழக்கப்படி மாமி தன் வளவைப் பெண்மக்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். வாவிப் பக்கத்துத் துண்டு மூத்தவளான என் மனைவிக்கு. கடல் பக்கத்துத் துண்டு அவளுடைய தங்கை புஸ்பத்துக்கு. நடுவில் வேலி இல்லை. எங்கள் மகள் ஆரணியும் புஸ்பத்தின் மகள் வதனியும் எந்த வீட்டு அடுப்பில் முதலில் கறி இறங்குகிறதோ அந்த வீட்டில் சாப்பிடுவார்கள்.

வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவரிடம் பழைய கமெரா ஒன்றை வாங்கியிருந்தேன். படம் பிடிப்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தக் காலத்தில் கமெராவோடு வீதியில் இறங்கினால் ஆமிக்காரரின் சென்றியில் நின்று பதில் சொல்லி மாளாது. ஆகவே வளவையும் வாவிக்கரையையும் விட்டு நான் எங்கும் போகவில்லை. போகவேண்டிய தேவையும் இருக்கவில்லை. மாரி மழை ஓய்ந்து மாசி, பங்குனி பிறந்தால் வாவி தெளிந்துவிடும். கரைச் சேற்றில் வேரூன்றிய கண்ணாமரங்கள் துளிர்க்கும். வேப்பம்பூ முற்றமெல்லாம் கொட்டிக் கிடக்கும். மீன்வலைக் கம்புகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைக்கும். மனைவி பாயில் நெல் காயப்போடுவாள், புஸ்பம் கிணற்றடியில் மீன் கழுவுவாள், பக்கத்தில் பூனை பெரிய மனிதர் மாதிரிக் குந்தியிருக்கும். எல்லாவற்றையும் பிடித்தேன். மனிதர்களைவிடப் பறவைகளை அதிகம் பிடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிலிம் விலை என்னைப் போன்றவனுக்குக் கொஞ்சம் கடுமைதான். பிள்ளைகளுக்கு அது தெரியுமா? கமெராவைக் கண்டால் ஓடிவந்து வரிசையில் நிற்பார்கள். பிளாஷின் பின்பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது, வெளிச்சம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு. அதை அமுக்கினால் பளிச்சென்று அடிக்கும், பிலிம் நகராது. பிள்ளைகளுக்கு அதை அமுக்குவேன். படம் எடுத்தாயிற்று என்று சிரித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். பிறகு எங்கே படம் என்று கேட்டால் கழுவக் கொடுத்திருக்கிறேன் என்பேன். அவர்களும் மறந்துவிடுவார்கள். இதை நான் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்!

கடல் வந்த வருடத்துச் சித்திரைப் புத்தாண்டு அன்று காலை மருத்துநீர் வைத்து எல்லோரும் தலை முழுகினோம். என் மனைவி ஒரே துணியில் இரண்டு பிள்ளைகளுக்கும் சட்டை தைத்திருந்தாள், மஞ்சளில் சிவப்புப் பூப்போட்டது. ஆரணி உடுத்திக்கொண்டு நேரே வாவிக்கரைக்குப் போய்விட்டாள். வதனி என்னிடம் வந்தாள்.

"பெரியப்பா, என்னய எடுங்க. வடிவா எடுக்கணும்."

சுருட்டைத் தலைமயிரை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, கமெராவை நேராகப் பார்த்து, பல்லைக் காட்டாமல் நின்றாள். முன்பல் விழுந்திருந்தது. சுருளில் இரண்டொரு படம்தான் மிச்சம் இருந்தது. கம்பில் மீன்கொத்தி ஒன்று வந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருந்தேன்... பொத்தானை அமுக்கினேன். வெளிச்சம் அடித்தது. அவள் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "கண் மூடிப் போச்சோ பெரியப்பா?" என்று கேட்டாள். "இல்லை, வடிவா வந்திருக்கு" என்றேன்.

மீன்கொத்தியும் எனக்குக் கிடைக்கவில்லை. நான் கரைக்குப் போனபோது அது பறந்துவிட்டது. அவசரத்தில் கமெராவை அமுக்கியதில் பிலிமில் விழுந்தது, தண்ணீரைப் பார்த்தபடி முதுகு காட்டி நின்ற ஆரணிதான். ஈரத் தலைமயிர் முதுகில் ஒட்டிக் கிடந்தது. ஒரு படம் வீணாகிவிட்டதே என்று எரிச்சல்பட்டேன்.

மார்கழியில் கடல் வந்தது. அதை நான் விவரிக்கப் போவதில்லை. கடல் பக்கத்துத் துண்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. வதனி போய்விட்டாள். உடலும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டிலும் சுவர்கள் மட்டும்தான் நின்றன, அல்பங்கள் எல்லாம் சேறு. கழுவிய பிலிம்களை மட்டும் கறையானுக்குப் பயந்து பட்டணத்தில் அலுவலக அலுமாரியில் வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் இருந்த முகாமுக்குப் போனபோது புஸ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தான், வருசப்பிறப்புக்கு நீங்க என்ட புள்ளய எடுத்த படம் இரிக்கிதானே? என்னட்ட அவள்ட ஒரு துண்டுப் படமும் இல்ல. முப்பத்தொண்டாம் நாள் படையலுக்கு வைக்கிறதுக்கும் ஒண்டும் இல்ல அத்தான்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? 'வெறும் வெளிச்சம்தான் அடித்தேன் புஸ்பம், ஒரு பறவைக்காக மிச்சம் பிடித்தேன்' என்று, அந்த முகத்தைப் பார்த்து? என்னால் முடியவில்லை. "பார்க்கிறன்" என்றேன்.

பார்த்தேன். அலுமாரியில் இருந்த அத்தனை பிலிமையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீர்க்காகம், கொக்கு, வேப்பம்பூ, பூனை... பூனைக்குக்கூட முகம் இருந்தது! வதனி ஒன்றில் பாதி தோளாக இருந்தாள், ஒன்றில் கலங்கிய நிழலாக ஓடினாள். கடைசியில் அந்த முதுகு வந்தது. அதே பூப்போட்ட சட்டை.

அதைப் பிரதி எடுத்து, சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் தெரிய எடுத்தது வெளிச்சம் பட்டுப் பழுதாகிவிட்டது, தப்பியது இதுதான் என்றேன். புஸ்பம் கனநேரம் பார்த்தாள்.

"தலை ஈரமா இரிக்கி" என்றாள். "அதான் சுருட்டை தெரியல்ல."

நான் சொல்ல வேண்டிய பொய்யை அவளே எனக்கு எடுத்துத் தந்துவிட்டாள். பிறகு படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை... அதையாவது நம்புங்கள்.

என் மனைவியை ஏமாற்ற முடியவில்லை. இரண்டு சட்டையையும் தைத்தவள் அவள், பெற்றவளும் அவள். அன்று இரவு தறப்பாள் கூரைக்கு அடியில் என் காதுக்குள் சொன்னாள்.

"உசிரோட இரிக்கிற என்ட புள்ளைக்கு மாலை போட்டு விளக்கு வைக்கிறாள். சொல்லிப்போடுங்க."

"நீ சொல்லன்."

"செஞ்சது நீங்க."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வருடா வருடம் அம்மன் கோயிலில் ஆரணியின் பெயரில் ஒரு பொங்கல் பொங்கிவிட்டு வருவாள். ஏன் என்று நான் கேட்பதில்லை. திவசத்தன்று தன் முதுகுக்குத் தானே பூ வைத்தாள் ஆரணி. அந்தப் புத்தாண்டுக் காலையில் கரையில் நின்றது தான்தான் என்று அவளுக்கு ஞாபகம் இருக்குமா? அதையும் நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எங்கள் வீட்டில் எல்லோரும் தேறிவிட்டோம்.

சண்டை மறுபடி தொடங்கி ஷெல் விழுந்தபோது புஸ்பம் கடலுக்குப் பிறகு பிறந்த கைக்குழந்தையோடு ஓடினாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பொலித்தீனில் சுற்றிய அந்தப் படம். உடுதுணியைக்கூட விட்டுவிட்டு வந்தவள் அதை விடவில்லை. அதைப் பார்த்தபோதும் நான் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்தது. வீட்டுத்திட்டத்தில் புஸ்பத்துக்கு வீடு கிடைத்தது. படத்தைப் பெருப்பித்துத் தரச் சொன்னாள். பட்டணத்து ஸ்டூடியோவில் கொடுத்துச் செய்வித்தேன். மண்டபச் சுவரில் இப்போது என் மகளின் முதுகு ஆளுயரத்தில் பாதி தொங்குகிறது. புஸ்பத்தின் புருஷன் அந்தச் சுவர்ப் பக்கம் பார்ப்பதில்லை. வதனியின் பேச்சு எழுந்தால் தோணியை எடுத்துக்கொண்டு வாவிக்குப் போய்விடுவான்.

அதற்குப் பிறகு நான் கமெராவைத் தொடவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுதினால் நீங்கள் கொஞ்சம் இரங்குவீர்கள். ஆனால் தொட்டேன். வசந்தம் வந்தால் கை சும்மா இருக்காது. இப்போது பிலிம் இல்லாத கமெரா. பாசிக்குடாக் கடற்கரைக்கு வருகிற சனம் தன்னைத்தானே ஆயிரம் படம் எடுத்துக்கொண்டு போகிறது.

கைக்குழந்தையாகப் புஸ்பம் தூக்கிக்கொண்டு ஓடிய சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த பங்குனி மாதம் அது. அவளைப் படம் எடுத்துத் தரச் சொல்லிப் புஸ்பம் கூப்பிட்டாள். போனேன். படத்துக்கு நேர் கீழே பிள்ளையை இருத்தி வைத்து, எண்ணெய் தேய்த்து, தலை இழுத்துக்கொண்டிருந்தாள். சீப்பு உள்ளே போகவில்லை. அவ்வளவு சுருட்டை. எனக்கு வாசலில் கால் நின்றுவிட்டது. வதனி உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்... அதே தலை, அதே நெற்றி.

புஸ்பம் சலித்துக்கொண்டாள். "எங்கயிருந்துதான் இந்தச் சுருட்டை வந்திச்சோ எனக்குத் தெரியா. உன்ட அக்காவப் பாரு, எவ்வளவு நேரான தலமயிர், முதுகு முட்ட. நீ அவளப் போல ஒரு துளியும் இல்ல."

பிள்ளை நிமிர்ந்து சுவரைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

ஈரத்தில் சுருட்டை தெரியவில்லை என்று சொன்ன தாய் எங்கே போனாள்? பத்து மாதம் சுமந்து, தினமும் இதே சிக்கெடுத்துச் சீவிய தலையை எப்படி மறந்தாள்? அவள் மறக்கவில்லை. தினமும் விளக்கு வைத்துப் பார்த்த படம் அவளுக்குள் இருந்த பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிட்டது. கடல் விட்டுவைத்ததை நான் கொண்டுபோய்க் கொடுத்த சட்டம் எடுத்துக்கொண்டது.

"இல்லயா அத்தான்?" என்றாள் புஸ்பம். "நீங்கதானே படம் எடுத்த ஆள். நீங்க சொல்லுங்க இவளுக்கு, அக்காட தலமயிர் எப்பிடியெண்டு."

கடல் வந்தபோது நான் சொன்ன பொய்க்கு ஏதாவது சாட்டுச் சொல்லலாம். சாவு வீடு, கலங்கிய நேரம், அவளுடைய முகம்... இந்த நேரத்துக்கு என்ன சாட்டு? வெயில் நன்றாக அடித்தது. யாரும் அழவில்லை. ஒரு வசனம் போதும், ஒரு தாய்க்கு அவளுடைய இரண்டு பிள்ளைகளும் கிடைத்திருப்பார்கள்.

"ஓம் புஸ்பம்" என்றேன். "நேரான மயிர்தான்."

பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. புஸ்பம் உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, அந்தத் தலையைப் பின்னுக்கு இழுத்துப் படிய வாரத் தொடங்கினாள்.